குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்: காட்டுக் கணக்கு பார்க்க ஓர் இலவச வரைபடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்த ஒரு நட்சத்திரத்தை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம். அதற்காகத் தளம் மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓர் அரசு, ஒரு கம்பெனி, ஓர் உலக மாநாடு, யார் காடுகளைப் பற்றி வாக்குறுதி கொடுத்தாலும் நான் முதலில் திறப்பது இதைத்தான்.

நான் காட்டியல் படித்தவள் இல்லை. வரைபடம் வரைவது என் பிழைப்பு. எந்த வரைபடத்தை எடுத்தாலும் முதலில் ஓரத்தில் இருக்கும் குறிவிளக்கத்தைத்தான் படிப்பேன். எந்த நிறம் எதைக் குறிக்கிறது, எந்த ஆண்டுத் தரவு, எவ்வளவு சிறிய பொருள் வரை இதில் தெரியும், எது விடுபட்டிருக்கிறது. நிறங்களைப் பார்த்து அசந்துபோவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்தத் தளத்தையும் அப்படித்தான் பார்த்தேன்.

வேர்ல்ட் ரிசோர்சஸ் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு நடத்தும் தளம் இது. இன்றைய வடிவில் 2014 பிப்ரவரியில் வந்தது. அடித்தளம் அதற்கு முந்தைய ஆண்டே போடப்பட்டுவிட்டது: மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஹான்சனும் உடன் பணியாற்றியவர்களும் கூகுளின் கணினிகளைப் பயன்படுத்தி, உலகம் முழுமைக்குமான மரப்போர்வை வரைபடத்தை 2013 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதற்கும் பின்னால் போனால், அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை 2008இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட முடிவு இருக்கிறது. அதுவரை படத்துக்குப் படம் காசு கொடுத்து வாங்க வேண்டும். உலகம் முழுவதையும் வருடா வருடம் வாங்கிப் பார்க்க யாரால் முடியும்? காடுகளைக் காப்பாற்றிய அரசு முடிவுகள் என்று ஒரு பட்டியல் போட்டால் அந்தத் தரவுத் திறப்பும் அதில் வர வேண்டும். யாரும் சேர்ப்பதில்லை.

வேலை செய்யும் விதம் எளிதுதான். பூமியை 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டம் ஏறத்தாழ ஹெக்டேரில் பதினொன்றில் ஒரு பங்கு. ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான மரப்போர்வை அங்கே இருந்து, பிறகு ஒரு வருடத்தில் காணாமல் போனால் அந்தக் கட்டம் இளஞ்சிவப்பாக மாறும். 2001 முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் கணக்கு உண்டு. ஒரு நாட்டையோ மாகாணத்தையோ தேர்ந்தெடுத்தால் வரைபடத்தோடு எண்களும் வரும். நீங்களே கோடு போட்டு ஒரு பகுதியை வரைந்தும் கேட்கலாம். தரவைத் தரவிறக்கிக்கொள்ளலாம். எதற்கும் கட்டணம் இல்லை.

சரி, இனி என் புகார்.

தளத்தைத் திறந்ததும் பச்சையாகத் தெரிகிறதே, அது மரப்போர்வை. மேலே இருந்து பார்த்தால் கட்டத்தில் குறைந்தது 30 விழுக்காடு மர விதானம், அதாவது மர உச்சிகளின் கூரை, இருக்க வேண்டும் என்பது அங்கே முன்கூட்டியே வைத்திருக்கும் அளவு. அதற்குள் பல நூறாண்டு பழைய மழைக்காடும் அடங்கும், வரிசையாக நட்ட யூகலிப்டஸும் அடங்கும், ரப்பர் தோட்டமும் எண்ணெய்ப் பனைத் தோட்டமும் அடங்கும். செயற்கைக்கோளுக்கு எல்லாம் உயரமான பச்சைதான். இழப்பு என்று காட்டும் இளஞ்சிவப்பும் அப்படியே. காகிதக் கூழுக்காக வளர்த்த மரங்களை அறுவடை செய்தாலும் அந்த நிறம் வரும், யாரும் கை வைக்காத காட்டை எரித்துப் புல்வெளியாக்கினாலும் அதே நிறம் வரும்.

இதைத் தளம் மறைக்கவில்லை. குறிவிளக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் குறிவிளக்கத்தைப் படிப்பவர்கள் எத்தனை பேர்? முகப்பில் வரும் பெரிய எண்ணை எடுத்து "இந்த நாடு இத்தனை லட்சம் ஹெக்டேர் காட்டை இழந்தது" என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணைப் பிடிக்காத அமைச்சகம், "அதெல்லாம் தோட்டத்தில் நடந்த அறுவடை" என்று ஒரே வரியில் தட்டிவிடுகிறது. சில நாடுகளில் அமைச்சகம் சொல்வது பெரும்பகுதி உண்மையாகவும் இருக்கும். சண்டை முடிந்ததும் இயற்கைக் காடு எவ்வளவு போனது என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கும்.

ஆகவே புதிதாக வருபவர் முதலில் செய்ய வேண்டியது, பச்சையை அணைத்துவிட்டு வேறு அடுக்குகளைப் போடுவது. முதன்மைக் காடு என்று ஓர் அடுக்கு இருக்கிறது. ஈரப்பதமான வெப்பமண்டலத்தில் 2001இல் எங்கெல்லாம் முதிர்ந்த இயற்கைக் காடு இருந்தது என்பதைக் காட்டும். நட்டு வளர்த்த மரங்களுக்குத் தனி அடுக்கு உண்டு. மனிதக் கை பெரிதாகப் படாத பெருங்காடுகளுக்கு இன்னொன்று. அதில் இடம் பெறக் குறைந்தது 500 சதுர கிலோமீட்டர் தொடர்ச்சி வேண்டும். இயற்கை நிலங்கள் என்று 2020ஐ அடிப்படையாக வைத்த வரைபடமும் சேர்ந்திருக்கிறது. இவற்றின் மேல் இழப்பை வைத்துப் பார்த்தால்தான் எது அறுவடை, எது அழிவு என்பது பிரிய ஆரம்பிக்கும். விதான அளவை 10இல் இருந்து 75 வரை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். ஒரே நாட்டின் 'காட்டுப் பரப்பு' கண்முன்னே ஏறி இறங்கும். அதைப் பார்த்துவிட்ட பிறகு எந்த அறிக்கையில் எந்த எண்ணைப் படித்தாலும், என்ன அளவு வைத்து எண்ணினார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

குறை இங்கேயும் இருக்கிறது. முதன்மைக் காட்டு அடுக்கு வெப்பமண்டலத்தோடு நின்றுவிடுகிறது. குளிர்ப் பகுதிகளிலும் மிதவெப்பப் பகுதிகளிலும் உள்ள பழங்காடுகளுக்கு அதில் இடமில்லை. பெருங்காட்டு அடுக்கு உலகம் முழுவதையும் பார்க்கிறது, ஆனால் 500 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்த துண்டை விட்டுவிடுகிறது. பல நாடுகளில் மிஞ்சியிருப்பதே துண்டுகள்தான். சட்டம் போட்டுக் காக்க வேண்டிய அவசரம் அவற்றுக்குத்தான் அதிகம்.

இவ்வளவு நுணுக்கம் ஒரு வரைபடத்துக்குத் தேவையா என்று கேட்கலாம். கொள்கை வழுக்குவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் காடு என்றால் அரை ஹெக்டேருக்கு மேல் நிலம், ஐந்து மீட்டர் உயரத்துக்கு வளரக்கூடிய மரங்கள், 10 விழுக்காட்டுக்கு மேல் விதானம். அது நிலத்தின் பயன்பாட்டை வைத்துப் போட்ட கணக்கு. இன்று மொட்டையாக வெட்டப்பட்டு நாளை மறுபடி நடப்போகிற நிலம் அதில் காடாகவே தொடரும். ரப்பர் தோட்டம் காடு. எண்ணெய்ப் பனை காடில்லை. குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் பயன்பாட்டைப் பார்ப்பதில்லை, நிற்கும் மரத்தைப் பார்க்கிறது. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே போகாது. போக வேண்டியதும் இல்லை. அரசுகள் தங்களுக்கு எது வசதியோ அந்த எண்ணை எடுத்துக்கொள்வதுதான் சிக்கல்.

2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் 140க்கும் மேற்பட்ட நாடுகள் 2030க்குள் காட்டு இழப்பை நிறுத்தித் திருப்புவோம் என்று அறிவித்தன. 'திருப்புவோம்' என்பதில் நட்டுக் கணக்கைச் சரிசெய்துவிடலாம் என்ற வழி திறந்தே இருக்கிறது. ஒரு பக்கம் பழைய காடு போகும், இன்னொரு பக்கம் வேகமாக வளரும் ஒரே வகை மரம் வரும், நிகரக் கணக்கில் இழப்பு பூஜ்யம் ஆகிவிடும். இது வெறும் சந்தேகமில்லை. காட்டு மீட்பு வாக்குறுதிகளை ஆராய்ந்து சைமன் லூயிஸ் குழு 2019இல் 'நேச்சர்' இதழில் எழுதியதில், பான் சவால் என்ற உலக முயற்சியின் கீழ் நாடுகள் உறுதியளித்த பரப்பில் 45 விழுக்காடு வணிக மரத்தோட்டம்தான் என்று காட்டினார்கள். அதே இடத்தில் இயற்கைக் காட்டை வளரவிட்டால் தோட்டத்தைப் போல 40 மடங்கு கார்பன் சேரும் என்பது அவர்கள் கணக்கு. தோட்ட மரம் சில வருடங்களில் வெட்டப்பட்டுக் காகிதமாகிறது. அதில் இருந்த கார்பன் மறுபடியும் காற்றுக்குப் போய்விடுகிறது.

அதனால் நான் நம்பும் எண் முதன்மைக் காட்டு இழப்பு ஒன்றுதான். அதை நட்டுச் சரிக்கட்ட முடியாது. 2024இல் வெப்பமண்டல முதன்மைக் காடுகளில் 67 லட்சம் ஹெக்டேர் போனதாக இந்தத் தளத்தின் தரவு காட்டியது. இந்தக் கணக்கு தொடங்கிய காலத்தில் இருந்து அதுவே மிக அதிகம். அதில் பாதிக்கு நெருக்கமானது தீயால் போனது. அதற்கு முந்தைய ஆண்டு 37 லட்சம்.

இந்த எண்ணைப் படிக்கவும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அதே 2024ஐ ஒட்டி பிரேசில் அரசின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, அமேசானில் காடழிப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது என்றது. குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தரவோ பிரேசிலில் முதன்மைக் காட்டு இழப்பு 28 லட்சம் ஹெக்டேராக எகிறியது என்றது. பொய் சொல்வது யார்? இரண்டுமே உண்மைதான். இன்பே ஆகஸ்டில் இருந்து ஜூலை வரை ஓர் ஆண்டாக எடுத்துக்கொண்டு, காடு முற்றாக வெட்டி அகற்றப்பட்ட இடத்தைக் கணக்கிடுகிறது. இந்தத் தளம் தீயில் போனதையும் சேர்க்கிறது. அந்த 28 லட்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு தீ. அதோடு இன்பே அமேசானை மட்டும் சொன்னது, இது நாடு முழுவதையும் சொன்னது. கோடரிக்கு எதிராக அரசு ஜெயித்த அதே வருடத்தில் வறட்சியும் தீயும் வேறு கணக்கை எழுதிவிட்டன. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் அடுத்த கொள்கை எதற்கு வேண்டும் என்பது தெரியும். வெட்டுவதைத் தடுக்கும் சட்டம் தீயை அணைக்காது.

பிரேசிலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த மாதிரிக் கருவியால் என்ன சாதிக்கலாம், எங்கே அது கையாலாகாமல் போகும் என்ற இரண்டுக்கும் உதாரணம் ஒரே நாட்டில் கிடைக்கிறது. 2004இல் அமேசானில் ஏறத்தாழ 27,800 சதுர கிலோமீட்டர் காடு வெட்டப்பட்டது. அந்த ஆண்டுதான் காடழிப்பைத் தடுக்க எல்லா அமைச்சகங்களையும் இணைத்து ஒரு திட்டம் வந்தது. கூடவே டெட்டர் என்ற செயற்கைக்கோள் எச்சரிக்கை முறையும் வந்தது. எங்கே வெட்டுகிறார்கள் என்ற தகவல் வருடக் கடைசியில் வருவதற்குப் பதிலாக வேலை நடக்கும்போதே அதிகாரிகள் கைக்கு வந்தது. 2008இல் காடழிப்பு அதிகமுள்ள ஊராட்சிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார்கள். அதே ஆண்டு, சூழல் சட்டத்துக்கு உட்படாத நிலத்துக்கு அமேசான் பகுதியில் வேளாண் கடன் கிடையாது என்று மத்திய வங்கி விதித்தது. அபராதத்தைக் கட்டாமல் இழுத்தடிக்கலாம். விதைப்புக்குக் கடன் இல்லை என்றால் என்ன செய்வது? 2012இல் எண் ஏறத்தாழ 4,600 சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது.

அப்புறம் காற்று மாறியது. 2019இல் காடழிப்பு ஏறுகிறது என்று இன்பே தரவு காட்டியதும் அன்றைய அதிபர் அந்தத் தரவையே நம்ப முடியாது என்றார். நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவ் தன் விஞ்ஞானிகளுக்காகப் பேசினார். ஆகஸ்டில் பதவி போனது. 2021இல் எண் 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. செயற்கைக்கோள்கள் அந்த வருடங்களிலும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, எச்சரிக்கைகளும் வந்துகொண்டுதான் இருந்தன. வாங்கிப் படித்து வண்டி எடுத்துக்கொண்டு போக ஆளில்லை. 2023இல் பழைய திட்டம் திரும்ப வந்ததும் எண் மறுபடி இறங்கியது.

இதனால்தான் எந்த ஓர் அரசின் கீழும் இல்லாத இந்தத் தளத்துக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன். ஒரு நாட்டு அதிபரால் இதன் தலைவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அதே சமயம் இதனால் யாருக்கும் அபராதம் போடவும் முடியாது.

காடு வெட்டப்படுவதை உடனுக்குடன் தெரிவிக்கும் எச்சரிக்கைச் சேவையை எடுத்துக்கொள்வோம். தளத்திலேயே சிறந்த பகுதி இதுதான், முழு மதிப்பெண். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கிளாட் எச்சரிக்கைகள் ஒளிப்படத்தை வைத்து வேலை செய்பவை. மழைக்காட்டின் மேல் மேகம் கூடிவிட்டால் வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது, மரம் வெட்டுபவர்களுக்கும் அது தெரியும். அந்த ஓட்டையை அடைத்தது நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் செய்த ராட் எச்சரிக்கை. அது சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் அலையைப் பயன்படுத்துவதால் மேகத்தைத் துளைத்துக்கொண்டு பார்க்கும், பத்து மீட்டர் நுணுக்கத்தில். இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அடுக்காகத் தருகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் ஒரே இடத்தைச் சுட்டினால் நம்பகம் கூடுதல் என்று தனி நிறத்தில் காட்டுகிறது. ஃபாரஸ்ட் வாட்ச்சர் என்ற கைப்பேசிச் செயலியில் எச்சரிக்கைகளை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு, சிக்னல் இல்லாத காட்டுக்குள் எடுத்துப் போகலாம்.

பலன் உண்டா என்றால் உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. வெப்பமண்டல நாடுகளில் இந்த இலவச எச்சரிக்கைகளுக்குப் பதிந்துகொண்டவர்கள் இருந்த பகுதிகளை ஆராய்ந்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. ஆப்பிரிக்காவில் காடழிப்பு நடக்கும் வாய்ப்பு 18 விழுக்காடு குறைந்திருந்தது. மற்ற கண்டங்களில் அப்படித் தெளிவான பலன் தென்படவில்லை. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பெருவின் அமேசான் பகுதியில் பழங்குடிச் சமூகங்கள் சிலவற்றில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, எச்சரிக்கை வரும் இடங்களைப் போய்ப் பார்க்கச் செய்தார்கள். இணையம் இல்லாத ஊர்களுக்கு ஆற்று வழியாகத் தகவல் பென் டிரைவில் போனது. முதல் வருடத்தில் காடழிப்பு 52 விழுக்காடு குறைந்தது, இரண்டாம் வருடம் 21. வரைபடமும் பென் டிரைவும் மட்டும் போயிருந்தால் இது நடந்திருக்காது. அந்த நிலத்தின் மேல் அந்த மக்களுக்கு உரிமை இருந்தது, பார்த்ததைக் கூடி விவாதிக்கவும் அதிகாரிகளிடம் கொண்டுபோகவும் வழி இருந்தது. நில உரிமைச் சட்டத்தைக் காட்டுக் கொள்கையோடு சேர்த்துப் பேசுவது இதற்காகத்தான்.

தளத்தில் பழங்குடி நிலங்களின் அடுக்கும் இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் அடுக்கும் இருக்கிறது. இரண்டாவதைப் போட்டு அதன் மேல் இழப்பை வைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் குன்மிங்-மான்ட்ரியல் பல்லுயிர் ஒப்பந்தத்தில் 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்போம் என்று நாடுகள் ஒப்புக்கொண்டன. எல்லைக் கோடு போடுவது சுலபம். கோட்டுக்கு உள்ளேயும் இளஞ்சிவப்பு பரவிக்கொண்டிருந்தால் அந்தக் கோட்டுக்கு என்ன மதிப்பு என்று அமைச்சரைக் கேட்கலாம். கேள்விக்கான ஆதாரத்தை எடுக்கச் சில நிமிடம் போதும். பேசப்படும் இந்த 30ஐவிட அதே ஒப்பந்தத்தின் முதல் இலக்கு எனக்குப் பிடிக்கும்: பல்லுயிர் வளம் மிக்க இடங்களை இழப்பதை 2030க்குள் ஏறத்தாழ பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. அதில் நிகரக் கணக்குக்கு இடமில்லை.

சட்டம் கோட்டை எங்கே போடுகிறது என்பதைப் பார்க்கவும் இந்த வரைபடம் உதவும். இந்தோனேசியா 2011இல் முதன்மைக் காட்டிலும் கரிச்சேற்று நிலத்திலும் (பாதி மக்கிய தாவரங்கள் குவிந்த சதுப்பு) புதிய உரிமங்கள் கொடுப்பதை நிறுத்தியது, 2019இல் அதை நிரந்தரமாக்கியது. நல்ல முடிவு. ஆனால் ஒருமுறை மரம் எடுக்கப்பட்டு மறுபடி வளர்ந்துகொண்டிருக்கும் இயற்கைக் காடு அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றுவிட்டது. அதுவும் விலங்குகள் வாழும் காடுதான், விட்டால் தானே முதிரும். கோஸ்டாரிகா வேறு வழியில் போனது. 1996ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் இயற்கைக் காடு உள்ள நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதையே தடை செய்தது. தடையோடு விட்டுவிடாமல், எரிபொருள் வரியில் இருந்து பணம் எடுத்து, காட்டை வைத்திருக்கும் நில உரிமையாளர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. தடை மட்டும் என்றால் உரிமையாளர் எரிச்சலில் இருப்பார். பணம் மட்டும் என்றால் அது வருவது நிற்கும் அன்று வெட்டிவிடுவார். இரண்டும் சேர்ந்து வந்ததுதான் அந்த நாட்டின் கெட்டிக்காரத்தனம்.

இந்த வெற்றியை, அதாவது காடு மறுபடி வளர்வதை, குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்சில் ஒழுங்காகப் பார்க்க முடியாது என்பது என் இரண்டாவது புகார். இழப்பு வருடா வருடம் வருகிறது. வளர்ச்சி அப்படி வருவதில்லை, பல வருடங்களுக்குச் சேர்த்து மொத்தமாகத்தான் கிடைக்கிறது. செலவைத் தேதி வாரியாகவும் வரவைக் கடைசியில் ஒரே வரியாகவும் எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டு மாதிரி. காரணம் நியாயமானதுதான். மரம் விழுவது ஒரு நாளில் நடக்கிறது, வளர்வது மெல்ல நடக்கிறது. எந்த வருடத்தில் அது காடானது என்று சொல்வது கஷ்டம். ஆனால் நல்ல கொள்கை போட்ட நாடு தன் பலனைக் காட்ட வேறு வரைபடத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கையையும் சேர்த்துவிடுகிறேன். 2001க்கும் இன்றைக்கும் நேர்கோடு போட்டு ஒப்பிடாதீர்கள். செயற்கைக்கோள்கள் மாறின, கணக்கிடும் முறை மேம்பட்டது. 2015க்கு அப்புறம் சின்னச் சின்ன இழப்புகள் முன்னைவிட நன்றாகப் பிடிபடுகின்றன. தளமே இதைச் சொல்கிறது.

கார்பன் அடுக்கு பார்க்க அழகாக இருக்கும். நான்சி ஹாரிஸ் குழு 2021இல் வெளியிட்ட கணக்கு அதற்கு அடிப்படை. 2001 முதல் 2019 வரை உலகக் காடுகள் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,560 கோடி டன் கரியமில வாயுவை உறிஞ்சின. காடழிப்பும் மற்றச் சிதைவுகளும் 810 கோடி டன்னை வெளியேற்றின. மிச்சம் ஏறத்தாழ 760 கோடி டன் (எண்களை முழுமையாக்கியதில் வரும் சிறு வேறுபாடு இது) அளவுக்குக் காடுகள் நமக்கு லாபமாக இருக்கின்றன. இந்த மிச்சத்தைப் பார்த்து நிம்மதி அடையத்தான் அரசுகளுக்குத் தோன்றும். நான் பார்ப்பது அந்த 810. அதை நிறுத்தப் புதுத் தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை, வெட்டாமலும் எரிக்காமலும் இருந்தால் போதும். முதிர்ந்த காட்டில் இருக்கும் கார்பன் பல நூறாண்டுகளாகச் சேர்ந்தது. இன்று நடும் கன்று அதை 2050க்குள் ஈடுசெய்யாது. தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காடுகள் ஏற்கெனவே உறிஞ்சுவதைவிட வெளியேற்றுவது அதிகமாகிவிட்டன. மூன்று பெரிய மழைக்காடுகளில் காங்கோ மட்டும்தான் இன்னும் பலமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்பதும் அதே ஆய்வில் இருந்து வந்ததுதான்.

பல்லுயிர் என்று வரும்போது தளம் திணறுகிறது. அடுக்குகள் இல்லாமல் இல்லை, பல்லுயிர் முக்கியத்துவம், சிதையாமை என்றெல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை கணினி மாதிரிகளை வைத்துப் போட்ட மதிப்பீடுகள். வானத்தில் இருந்து விதானம் தெரியும், அதன் கீழே யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. வேட்டையில் விலங்குகள் எல்லாம் போய்விட்ட காட்டை கென்ட் ரெட்ஃபோர்ட் 1992இலேயே 'வெற்றுக் காடு' என்று எழுதினார். வரைபடத்தில் அது முழுப் பச்சையாகவே நிற்கும். இதன் விளைவு கார்பனிலும் போய் முட்டுகிறது. பெரிய விதை கொண்ட மரங்கள் பலவற்றுக்குக் கட்டையும் அடர்த்தி. அந்த விதைகளை விழுங்கிப் பரப்பும் பெரிய பறவைகளும் குரங்குகளும் இல்லாவிட்டால் அந்த மரங்கள் தலைமுறைக்குத் தலைமுறை குறையும், இடத்தை லேசான கட்டை மரங்கள் பிடிக்கும். ஆக, வேட்டையைக் கட்டுப்படுத்துவதும் பருவநிலைக் கொள்கைதான். எந்த நாட்டின் பருவநிலைத் திட்டத்திலாவது காட்டுக் காவலரின் சம்பளத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பொறுக்கி வெட்டுவதும் இப்படித்தான் நழுவுகிறது. ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு பெரிய மரங்களை எடுத்தால் 30 மீட்டர் கட்டத்தில் தெரியாமல் போகலாம். இதற்கு ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் வெளியிடும் வெப்பமண்டல ஈரக்காட்டு வரைபடம் மேல். சிதைவையும் முழு அழிவையும் பிரித்து, 1990 முதல் காட்டுகிறது. அது ஒரே மண்டலத்தைத்தான் பார்க்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தாவலில் திறந்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

மரமில்லாத இயற்கை நிலத்தைப் பற்றி மரப்போர்வை வரைபடத்திடம் கேட்பது நியாயமில்லை. ஆனால் கொள்கை அதையும் இதே கண்ணாடியில் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுக் காடழிப்புத் தடுப்பு விதியின்படி, மாட்டிறைச்சி, கோக்கோ, காபி, எண்ணெய்ப் பனை, ரப்பர், சோயா, மரம் ஆகியவை 2020 டிசம்பர் 31க்குப் பின் காடு அழித்த நிலத்தில் விளைந்திருந்தால் அந்தச் சந்தைக்குள் வரக்கூடாது. நிலம் எங்கே இருக்கிறது என்று ஆயத்தொலைவு கொடுக்க வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லை முழுவதையும் வரைந்து கொடுக்க வேண்டும். வரைபடக்காரியாக எனக்கு இதைவிட இனிப்பான சட்டம் இல்லை. ஆனால் புல்லும் சிதறிய மரங்களுமாக இருக்கும் பிரேசிலின் செர்ராடோ சவானாவில் பெரும்பகுதி அந்த விதியின் காடு என்ற வரையறைக்குள் வராது. அமேசானில் கதவை அடைத்தால் சோயா அந்தப் பக்கம் திரும்ப வழி இருக்கிறது. விதி நடைமுறைக்கு வரும் தேதியும் 2024 டிசம்பரில் இருந்து தள்ளிப் போடப்பட்டது. அதற்குள் கணக்குப் புத்தகத்தைத் தயார் செய்துவிட்ட சிறு வியாபாரிகளுக்குத்தான் எரிச்சல்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், பிரெஞ்சு, இந்தோனேசிய மொழி, சீனம் ஆகியவற்றில் தளம் கிடைக்கிறது. தமிழ் இல்லை. கைப்பேசியிலும் திறக்கும், ஆனால் நான்கைந்து அடுக்குகளை ஏற்றி ஒப்பிடப் பெரிய திரை வேண்டும். பத்திரிகையாளர்களுக்கும் மாணவர்களுக்கும், வாக்குறுதிகளைப் பின்தொடர நினைக்கும் யாருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஒரு நிலத்துண்டின் தகராறுக்கு இதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள், 30 மீட்டர் கட்டம் வேலி ஓரத்துக்குப் போதாது.

புதிதாகத் திறப்பவர்கள் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, உங்களுக்கு அக்கறையுள்ள காட்டின் எல்லையை வரைந்து சேமித்துவிடுங்கள். அங்கே மாற்றம் தெரிந்தால் மின்னஞ்சல் வரும். வந்ததும் முதலில் நட்ட மரங்களின் அடுக்கைப் போட்டு, அது தோட்டத்து அறுவடை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அப்புறம் புகார் எழுதுங்கள்.